டெங்குவில் குறைந்த தட்டணுவும் உச்சந்தலையில் போடும் ஊசியும்

கேள்வி: எனக்கு வயது 36. தருமபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் 14 கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். கடந்த அக்டோபரில் டெங்கு வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். தட்டணு (பிளேட்லெட்) 38,000 வரை இறங்கியது. ஜனவரியிலிருந்து தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வருகிறது. அதற்கு முன்பே, இரண்டு ஆண்டுகளாக வகிடு அகலமாகிக்கொண்டு வந்தது. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது தோன்றிய மங்கு இரு கன்னங்களிலும் அப்படியே இருக்கிறது. பக்கத்து நகரத்தில் ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். "டெங்குவில் தட்டணு குறைந்ததால்தான் முடி கொட்டுகிறது, உங்கள் ரத்தத்திலிருந்தே தட்டணுவைப் பிரித்துத் தலையில் ஏற்றினால் முடி வளர்ந்துவிடும், முகத்தில் ஏற்றினால் மங்கு மறைந்துவிடும்" என்றார்கள். தலைக்கு ஆறு, முகத்துக்கு மூன்று என ஒன்பது முறைக்கு 72,000 ரூபாய். அன்றே முன்பணம் கட்டினால் 12,000 தள்ளுபடி. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துச் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நானாக வாங்கிய பயோட்டின் மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறேன். மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு எப்போதுமே எனக்கு அதிகம். இந்தச் சிகிச்சை பலன் தருமா? பாதுகாப்பானதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். அவர்கள் சொன்ன தட்டணு ஊசிக்குப் பி.ஆர்.பி. சிகிச்சை என்று பெயர்; அது உங்களுக்கு ஒருநாளும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்றைய நிலையில் அது உங்களுக்கு முதல் சிகிச்சை ஆகாது. முடி ஏன் கொட்டுகிறது என்று ஒருவரும் பார்க்காமலே ஒன்பது ஊசிக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை மிகவும் வருத்திய செய்தி.

அவர்கள் சொன்ன காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல்லைப் பெரும்பாலோர் டெங்கு வார்டில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். காலையும் மாலையும் எண்ணிக்கை கேட்டுப் பதறிய குடும்பத்துக்கு அது எளிதில் மறக்கிற சொல் அன்று. அந்தப் பயத்தின் மேல்தான் இந்த விளக்கம் கட்டப்பட்டிருக்கிறது. உண்மையில், டெங்குவில் இறங்கிய தட்டணுக்கள் காய்ச்சல் விட்ட ஒரு வாரம் பத்து நாளில் பழைய அளவுக்கு, அதாவது ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல், ஏறிவிடுவதே வழக்கம். ஜனவரியில் உங்கள் முடி கொட்டத் தொடங்கியபோது ரத்தத்தில் தட்டணுப் பற்றாக்குறை இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். தட்டணு குறைவதால் முடி கொட்டுவதும் இல்லை.

நடந்தது வேறு. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல் போன்ற ஓர் அதிர்ச்சி உடலுக்கு நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுகிறது. ஓய்வுக்குப் போன முடி அன்றைக்கே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் வேரில் தங்கியிருந்து பிறகுதான் விழுகிறது. அக்டோபர் காய்ச்சலுக்கும் ஜனவரி உதிர்வுக்கும் இடையே உள்ள கணக்கு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு எங்களிடம் வந்த நூற்றுக்கணக்கானோரிடமும் இதே கணக்கைத்தான் பார்த்தோம். வேர் சாகவில்லை, விழுகிற முடிக்குக் கீழே புதிய முடி கிளம்பியிருக்கும். வேறு கோளாறு இல்லையென்றால் இந்த உதிர்வு ஏறக்குறைய ஆறு மாதத்தில், அதாவது ஜூன், ஜூலை வாக்கில், தானாகவே அடங்க வேண்டும். நெற்றியின் ஓரத்திலும் வகிட்டின் இரு பக்கத்திலும் விரல்கடை நீளத்துக்குப் பூனைமுடி போல் நிமிர்ந்து நிற்கும் முடிகள் தெரிகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். தெரிந்தால் அது நல்ல செய்தி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பதால் பின்னல் பழைய கனத்துக்கு வர ஒன்றிரண்டு ஆண்டுகூட ஆகலாம். அந்தத் தாமதத்தைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இந்தப் பருவத்தில் பி.ஆர்.பி. செய்துகொள்கிறவர்களுக்கு மூன்றாவது ஊசி முடிவதற்குள் உதிர்வு நின்றுவிடுகிறது. ஊசியே போடாமல் இருந்திருந்தாலும் அது நின்றிருக்கும். ஆனால் பணம் கட்டியவர் ஊசியைத்தான் நம்புவார், அடுத்த வீட்டுக்காரரிடமும் அதைத்தான் சொல்வார்.

உங்களிடம் இன்னொரு பிரச்சினையும் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். டெங்குவுக்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக வகிடு அகலமாகி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது: முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்கும், நடுவகிடு மட்டும் மெல்ல அகலும். முடியின் எண்ணிக்கை குறைவதற்கு முன் ஒரே வேரிலிருந்து அடுத்தடுத்து முளைக்கும் ஒவ்வொரு முடியும் முந்தையதைவிட மெலிந்துகொண்டே போகும். டெர்மோஸ்கோப் என்ற சிறு உருப்பெருக்கியை வகிட்டின் மேல் வைத்துப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். தடித்த முடிக்குப் பக்கத்திலேயே நூல் போன்ற முடிகள் கலந்து நிற்கும், அந்தக் கலப்பு உச்சந்தலையில் மிகுந்தும் பிடரியில் குறைந்தும் இருக்கும். காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வில் இந்தத் தடிமன் வேறுபாடு இருப்பதில்லை. அங்கே அறுபது முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஆறுக்கு மேல் கையோடு வரும். இரண்டு சோதனைகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். அந்த நிலையத்தில் யாராவது உங்கள் வகிட்டைப் பிரித்துப் பார்த்தார்களா?

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பி.ஆர்.பி. எங்கள் ஊர்களுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில், உங்கள் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு நான் நான்கு முறை இந்த ஊசியைப் போட்டேன். பலன் இல்லை. ஐந்தாம் முறை அவர் வந்தபோது கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெளுத்திருந்தது. ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை, 7 என்று வந்தது. நான்கு முறை வலியைப் பொறுத்துக்கொண்ட அவருக்கு முதல் நாளே அந்தச் சோதனையை எழுதியிருக்க வேண்டியது என் கடமை. அன்று முதல் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் நான் ஊசியை எடுப்பதில்லை.

மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்று நீங்கள் எழுதிய வரி, கடிதத்தின் கடைசியில் இருந்தாலும், எனக்கு முதல் வரி அதுதான். முழு ரத்த அணுப் பரிசோதனை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு நின்றுவிட வேண்டாம். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும், ஆகவே அது சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் குறைந்திருக்கக்கூடும். 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை சில மாதங்களுக்குத் தேவைப்படும்; ரத்தப்போக்குக்கான காரணத்தை மகப்பேறு மருத்துவரிடமும் காட்டியாக வேண்டும், இல்லையேல் ஒரு பக்கம் ஊற்ற மறுபக்கம் ஒழுகும். பயோட்டின் மாத்திரையை ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது பல ஆய்வகங்களின் தைராய்டு சோதனையைத் தவறாகக் காட்ட வைக்கும்; இல்லாத நோயை இருப்பதாகவும், இருக்கும் நோயை இல்லாததாகவும் காட்டிவிடும். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. நிறுத்தினால் நட்டம் எதுவும் இல்லை.

இனி பி.ஆர்.பி. பற்றி. தட்டணு செறிந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, என்பது அதன் பொருள். காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைப்பதோடு தட்டணுவின் வேலை முடிவதில்லை. அதன் உள்ளே இருக்கும் நுண்பைகளிலிருந்து, புதிய ரத்த நாளங்களையும் திசுவையும் வளரத் தூண்டும் புரதங்கள் வெளிவருகின்றன. அந்தப் புரதங்களைத் தேவையான இடத்தில் செறிவாகக் கொடுத்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து வந்தது இச்சிகிச்சை. 1998-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க முகத்தாடை அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், தாடையில் எலும்பு ஒட்டு வைத்தவர்களிடம் இதைப் பயன்படுத்தி எலும்பு விரைவாக முதிர்ந்ததாக எழுதினார்கள். விளையாட்டு வீரர்களின் தசைநார்க் காயம், ஆறாத புண் என்று பரவிய பிறகே முடிக்கும் தோலுக்கும் வந்தது.

செய்முறை இப்படி. கையிலிருந்து 10 முதல் 20 மில்லி வரை, சில முறைகளில் அதற்கும் கூடுதலாக, ரத்தம் எடுத்து உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள குழாயில் சேர்ப்பார்கள். அதைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும், இரண்டுக்கும் நடுவே வெளிறிய மெல்லிய படலம் ஒன்று தெரியும். மேல் பகுதியைப் பிரித்து இரண்டாம் முறை வேகமாகச் சுற்றினால் தட்டணுக்கள் அடியில் திரளும். மேலே இருக்கும் தட்டணு குறைந்த நீரை நீக்கிவிட்டு அடியில் உள்ள மூன்று நான்கு மில்லியைத்தான் தலையில் சிறுசிறு ஊசிகளாகப் போட வேண்டும். ரத்தத்தில் இருப்பதைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு தட்டணு அதில் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. சாதாரணக் குழாயில் ஒருமுறை சுற்றிவிட்டு மேலே உள்ள மஞ்சள் நீர் முழுவதையும் உறிஞ்சிப் போடும் இடங்களில் இந்தச் செறிவு கிடைப்பதில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள் நீர்தான்.

பலன் உண்டா என்றால், பரம்பரை முடி மெலிவின் ஆரம்ப, நடுத்தர நிலைகளில் உண்டு. மாதம் ஒன்றாக மூன்று முறை போட்டவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் முடியின் அடர்த்தியும் தடிமனும் ஓரளவு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. என் அனுபவமும் அதுவே. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதையும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சுற்றி, வெவ்வேறு இடைவெளியில் போட்டவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலன் நிலைத்தும் நிற்காது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மீண்டும் போட வேண்டியிருக்கும். நிறுத்தினால் மெலிவு தன் பாதையில் தொடரும். வேர் அடியோடு அழிந்து பளபளத்துப்போன இடத்தில் இதனால் ஒரு முடியும் முளைக்காது. மேலும், இது மருந்துக்குத் துணை. மருந்தின் இடத்தை எடுத்துக்கொள்வது அன்று. பெண்களின் பரம்பரை மெலிவுக்கு முதல் மருந்து உச்சந்தலையில் தடவும் மினாக்ஸிடில். அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988-லும் பெண்களுக்கு 1991-லும் அனுமதிக்கப்பட்டு இத்தனை ஆண்டு சோதிக்கப்பட்ட அதன் மாதச் செலவு, உங்களிடம் ஒரு ஊசிக்குக் கேட்ட 8,000 ரூபாயோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மாதம் உதிர்வு கூடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பயந்து நிறுத்த மாட்டீர்கள். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

முகத்துக்கு வருகிறேன். மங்குக்காக முகத்தில் இந்த நீரை ஊசியால் ஏற்றுவதையோ, ஊசி உருளையை ஓட்டி அதன் மேல் தடவுவதையோ நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன். மங்கு என்பது வெயிலும் ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து நிறமிச் செல்களைத் தூண்டிவிட்டதால் வருவது. நம்முடைய மாநிறத் தோல் எந்தக் காயத்துக்கும் கருத்துப்போய்ப் பதில் சொல்லும் தோல். கொசு கடித்த தழும்பே மாதக்கணக்கில் கருத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலைத் தடுக்காமல் அதில் ஆயிரம் துளை போடுவது ஆபத்து. எங்கோ இப்படிச் செய்துகொண்டு, இருந்த மங்கு இரு மடங்கு கருத்த நிலையில் என்னிடம் வந்தவர்களுடைய முகத்தைச் சீராக்க ஓராண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. முகப் பொலிவுக்கென்று இது கொடுக்கும் பலனைப் பற்றியும் ஒரு செய்தி. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெயிலால் முதிர்ந்த தோல் உள்ளவர்களின் ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி.யும் மறு கன்னத்தில் வெறும் உப்புநீரும் ஒருமுறை போட்டார்கள். எந்தப் பக்கம் எது என்று தெரியாத தோல் மருத்துவர்களுக்கு ஆறு மாதம் கழித்து இரு கன்னங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்கள் பி.ஆர்.பி. போட்ட பக்கம் மேலாக இருப்பதாக உணர்ந்தார்கள். பருக்குழிகளுக்கு நுண்ணூசிச் சிகிச்சையோடு இதைச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைக்கிறது என்பதை நான் ஏற்கிறேன். உங்களுக்கு இருப்பது பருக்குழி அன்று.

மங்குக்கு நீங்கள் இன்றே தொடங்கக்கூடியது வெயில் காப்பு. எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள, இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுங்கள். மங்கைக் கருக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு, அதை நிறமுள்ள வகைதான் நன்றாகத் தடுக்கும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள், மதியம் வீடு திரும்பும் முன் இன்னொரு முறை பூசுங்கள், ஸ்கூட்டரில் முகத்தை மறைக்கும் துப்பட்டாவையும் விட்டுவிட வேண்டாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் வெள்ளையாக்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, முகத்தில் முடியும் பருவும் கிளம்பும். பூசும் மருந்தையும், தேவைப்பட்டால் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையையும் தோல் மருத்துவர் எழுதித் தரட்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்திருந்தாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "உங்கள் சொந்த ரத்தம்தானே" என்று சொல்வார்கள். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை வருவது மிக அரிது, அது சரிதான். ஆனால் அந்தக் குழாயில் இருப்பது உங்கள் ரத்தம்தான் என்பதற்கு யார் பொறுப்பு? அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி நகரில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இந்த முகச் சிகிச்சையைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. 2018-இல் அந்த இடம் மூடப்பட்டது. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024 ஏப்ரலில் அதன் விசாரணையை வெளியிட்டது. பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் சமையலறை மேடையில் இருந்தன, வேறு குழாய்கள் குளிர்சாதனப் பெட்டியில் உணவுப் பொருளோடு இருந்தன. ஆகவே எந்தக் காலத்தில் எங்கே செய்துகொண்டாலும், ரத்தம் எடுக்கும் முன்பே உங்கள் பெயரைக் குழாயில் உங்கள் கண் முன் எழுதச் சொல்லுங்கள். உறை பிரிக்காத புதிய குழாயும் ஊசியும் என்று காட்டச் சொல்லுங்கள். இயந்திரம் வேறு அறையில் இருந்தால் உடன் போய் நில்லுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். புருவ நடுவிலும் கண்ணுக்கு அருகிலும் ஊசியால் செலுத்தியபோது ரத்தக்குழாய் அடைபட்டுப் பார்வை போன அரிதான நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கருவளையத்துக்கு இந்த ஊசியைச் சாதாரணமாகப் போடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

உங்களுக்கு ஊசி போடப்போகிறவர் யார் என்பதும் கடிதத்தில் இல்லை. ஆலோசகர் என்ற பெயரில் பேசுகிறவர் பெரும்பாலும் விற்பனைப் பணியாளர். தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல்., டி.என்.பி. போன்ற பட்டம் பெற்றவரா என்றும், அவருடைய மருத்துவக் குழுமப் பதிவு எண் என்ன என்றும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், தட்டணுக் குறைவோ ரத்தம் உறைவதில் கோளாறோ உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், உடலில் தொற்று உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ளக்கூடாது. ஒன்பது முறைக்கு மொத்தமாகப் பணம் வாங்குவதை மருத்துவம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு பலன் இல்லையென்றால் நிறுத்துவதுதான் முறை, பணம் கட்டியவரால் நிறுத்த முடியாது. அன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்பது வீட்டில் கலந்து பேச உங்களுக்கு நேரம் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான்.

நான் உங்களைப் பார்த்திருந்தால் எழுதியிருக்கும் வரிசை இது. இந்த வாரம் ரத்தப் பரிசோதனை. அறிக்கையோடு ஒரு தோல் மருத்துவரிடம் போய் டெர்மோஸ்கோப் வைத்து வகிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலேயே காட்டலாம். குறைபாடு எது இருந்தாலும் அதற்கு மருந்து. பரம்பரை மெலிவு உறுதியானால் மினாக்ஸிடிலை ஆறு மாதம் விடாமல் தடவிப் பார்ப்பது. அதன் பிறகும் வகிடு நிறையவில்லை, கையிலும் பணம் இருக்கிறது என்றால், மாதம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டிப் போட்டுக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அப்போது ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினாக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக் காலை எண்ணெய் வைக்காத தலையில் நடுவகிடு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், அதே வகிடு. அடுத்த கடிதத்தில் அந்தப் படங்களையும் ஃபெரிட்டின் எண்ணையும் அனுப்புங்கள்.